உள்ளங்கையில் ஒரு குளிசை

உம்மாவுக்கு நாளொன்றுக்கு 11 குளிசைகள். வாழைப்பழத்துக்குள் மறைத்துக் கொடுப்போம். ஒருநாள் பழத்தைத் தின்றுவிட்டு, குளிசையை மட்டும் நாக்கால் ஒதுக்கி என் உள்ளங்கையில் துப்பினார். என் பெயரை மறந்து இரண்டு வருஷமாகிறது. 'வேண்டாம்' என்பதை மறக்கவில்லை. அதை மறுப்பு என்று கொள்வதா, நோயின் குணம் என்று தள்ளுவதா?

புதிதாக வந்த டொக்டர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் என்னத்துக்குக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. அவர்தான் விளக்கினார். ஞாபகத்துக்கான டொனெபெசில் மூளையில் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தைக் கூட்டும். சிலருக்கு அதனாலேயே சிறுநீர் அவசரம் வரும். உம்மாவுக்கும் வந்தது. முதுமைதானே என்றெண்ணி வேறொருவர் ஒக்சிபியூட்டினின் எழுதினார். அது அதே இரசாயனத்தின் வேலையைத் தடுப்பது! வாய் காய்ந்தது, மலம் இறுகியது, அதற்கும் ஒரு மருந்து. இதற்காகத்தான் மாதாமாதம் வரிசையில் நின்றிருக்கிறேன்.

கொலஸ்ட்ரோல் குளிசை போகட்டும்; அதன் பலன் தெரியவே வருஷங்கள் செல்லும். என்னை உறுத்தியது இராக் குளிசை, ரிஸ்பெரிடோன். இவ்வகைப் புதிய மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் மரண அபாயத்தை 1.6 முதல் 1.7 மடங்காக்குவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2005இலேயே எச்சரித்திருந்தது. உம்மா இரவில் எழும்பி நடந்ததால் அதைக் கேட்டு வாங்கியவர்கள் நாங்கள். உண்மையைச் சொன்னால், எங்கள் தூக்கத்துக்கான குளிசையை உம்மா விழுங்கினார்.

நானா கோபித்தார். "மருந்த நிப்பாட்டினா உம்மாவக் கைவிட்ட மாதிரித்தானே? ஊர் என்ன சொல்லும்?" அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வேளை தவறாமல் எண்ணி வைக்கும் குளிசைதான் பிள்ளைக் கடமைக்கு எங்களிடமிருந்த ஒரே அத்தாட்சி.

டொக்டர் எல்லாவற்றையும் நிறுத்தவில்லை. பிரஷர் மருந்து இருக்கிறது. மற்றவற்றை ஒவ்வொன்றாக, இராக் குளிசையை வாரக்கணக்கில் குறைத்து, நிறுத்தினார். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. பகலில் கண் விழித்திருக்கிறார், வாய் ஈரமாயிருக்கிறது, அவ்வளவுதான். இரவில் நடக்கிறார், நானாவும் நானும் முறை வைத்துக் கூட நடக்கிறோம்.

மிஞ்சிய நான்கையும் இப்போது பழத்தில் மறைப்பதில்லை. கையில் வைத்துக் காட்டுகிறேன். சிலநாள் எடுத்துக்கொள்கிறார். சிலநாள் வாயை இறுக மூடிக்கொள்கிறார். அரைமணி நேரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.