யாருக்காக இருக்கிறோம்?

வேலையை விட்டுப் போகும் நர்ஸிடம் காரணம் கேட்டால் சம்பளம் என்பார், சொந்த ஊர் என்பார், வளைகுடா என்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே சம்பளம், அதே கட்டடம், ஒரு வார்டில் மட்டும் ஆள் நிற்பதேயில்லை. எதிர் வார்டில் வருஷக்கணக்காக அதே முகங்கள். நர்ஸாக வேலை பார்த்த காலம் முழுக்க நான் பார்த்தது இது. வித்தியாசம் இன்சார்ஜ் சிஸ்டர்தான்.

ஒரு சிஸ்டர் டியூட்டி சார்ட்டை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். "யாருக்கு எந்த நாள் முடியாதோ இப்பவே சொல்லுங்கம்மா, நாளைக்குப் பேனாவுல எழுதிடுவேன்" என்பார். கைக்குழந்தைக்காரிக்குத் தொடர்ந்து நைட் விழாது. ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு சின்னப் பெண்ணை நோயாளிகள் முன்னால் சத்தம் போட்டால், "என் வார்டு சார், என்கிட்ட கேளுங்க" என்று முன்னால் வந்து நிற்பார். பிறகு அந்தப் பெண்ணை மருந்து அறைக்குக் கூப்பிட்டு, தப்பு எங்கே நடந்தது என்று விடாமல் கேட்பார். அவர் தப்பை மூடி மறைத்தவர் அல்ல. மானத்தைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். தப்பு நடந்தால் அவரிடம் உடனே போய்ச் சொல்ல எங்களில் யாருக்கும் பயம் இருந்ததில்லை. நோயாளிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

ஜான் மேயர், நேட்டலி ஆலன் என்ற உளவியலாளர்கள் 1991-இல் பணிப்பற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி இருப்பது, கடமை என்று இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது. அந்தச் சிஸ்டரின் வார்டில் விளைந்தது முதல் வகை. சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு பாண்டு எழுதி வாங்கும் இடங்களில் மூன்றாவது வகைதான் விளையும். வருகைப் பதிவேட்டில் மூன்றும் ஒரே கையெழுத்து. விடியற்காலை 3 மணிக்கு, கூப்பிடாமலே எழுந்து போய் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்ப்பவர் யார் என்பதில் தெரிந்துவிடும்.

என்னை உறுத்துவது வேறொன்று. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு 1 நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நைட்டில் முழு வார்டையும் ஒருத்தியே பார்த்த அனுபவம் எத்தனையோ பேருக்கு உண்டு. அப்படி ஆள் குறைந்த வார்டில் "சிஸ்டருக்காக" என்று நாங்கள் பார்த்த டபுள் டியூட்டிகளால் நிர்வாகத்துக்குத்தான் லாபம். காலியிடம் காலியாகவே கிடந்தது. அந்தச் சிஸ்டர் அதை அறிந்திருந்தார். ஆள் குறைந்த ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையோடு மேலே எழுதி அனுப்பினார், திட்டும் வாங்கினார். பிரியமாகப் பேசி டபுள் டியூட்டி கேட்டுவிட்டு, மேலிடத்திடம் ஆள் கேட்டு ஒரு வரிகூட எழுதாதவரை நல்ல தலைவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.