சமநிலைக்குப் பின் வரும் தீர்ப்பு

ஒருவரை ஒருவர் விஞ்சாத இருவர் ஒரே பட்டத்திற்கு உரிமை கோரி நிற்கும்போது அவர்களுள் ஒருவரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த நியாயத்தின் பேரில் உண்டு என்னும் கேள்வி சமயத்திற்கும் சட்டத்திற்கும் விளையாட்டிற்கும் பொதுவானது. ஆயினும் சதுரங்கத்தில் அது தனியொரு கூர்மையோடு எழுகிறது. தாயத்திலும் சொக்கட்டானிலும் பகடை உருளத் தொடங்கும்போதே தற்செயலுக்கு ஓரிடம் கொடுத்தாகிவிடுகிறது. சதுரங்கப் பலகையிலோ இரு பக்கமும் ஒரே படை, ஒளிவுமறைவற்ற ஒரே களம், நகர்த்துவதும் நகர்த்தாமல் விடுவதும் முழுக்க ஆடுபவரின் செயல். வினையும் அதன் பயனும் பற்றிச் சிந்திக்கும் ஒருவருக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அத்தகைய ஆட்டமே பல நாள் ஆடி முடித்த பின் இருவரும் சமம் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேலும் ஒரு தீர்ப்பை வேண்டுவோர் உண்மையில் எதை வேண்டுகின்றனர்?

தாமிரபரணிக்குத் தெற்கே, செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சாத்தான்குளம் வட்டாரத்தில் இக்கேள்வி சதுரங்கத்திற்கு வெளியே நெடுங்காலமாகவே விடை கண்டுவந்திருக்கிறது. குலதெய்வக் கோயிலில் ஒரு காரியத்தைச் செய்யலாமா, விடலாமா என்று முடிவுகட்ட இயலாதபோது, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தெய்வத்தின் முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம். இதனைப் பூக்கட்டிப் பார்த்தல் என்பர். இதே வட்டாரத்தில் நாசரேத், முதலூர், மெய்ஞ்ஞானபுரம் எனச் செறிந்துள்ள திருச்சபைகள் வாசிக்கும் அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரமும் யூதாசின் இடத்திற்கு ஒருவரைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போடப்பட்டதையே கூறுகிறது. அங்கே சீட்டுக்கு முன் நடந்ததைக் கவனிக்க வேண்டும். இயேசுவோடு தொடக்கமுதல் உடனிருந்தவர் என்னும் தகுதியை மனிதர்களே வகுத்து, அதன்படி யோசேப்பு, மத்தியா என்னும் இருவரை நிறுத்தி, தங்கள் அறிவு அதற்கு மேல் செல்லாது என்று கண்ட பிறகே ஜெபித்துச் சீட்டுப் போட்டனர். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. யோசேப்பு தகுதியில் குறைந்தவர் என்று அந்த நூல் எங்கும் சொல்லவில்லை.

தமிழகத்து ஊராட்சி வரலாறும் இதே வரிசைமுறையைக் காட்டுகிறது. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள மானூரில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் பாண்டியர் கல்வெட்டு, சபையில் அமர்வோருக்கு நிலமும் கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்று விதிக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இத்தகைய தகுதிகளை விரிவாக வகுத்த பின், தகுதி பெற்றோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் குடவோலை முறையைக் கூறுகின்றன. இன்றும் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, இரு வேட்பாளர் சம வாக்குகள் பெற்றால் தேர்தல் அலுவலர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்கிறது. சீட்டு விழுந்தவர் ஒரு வாக்கைக் கூடுதலாகப் பெற்றவர் போலவே அதன்பின் கருதப்படுகிறார். யாரும் போடாத அந்த ஒரு வாக்கு சிந்தனைக்குரியது. மத்தியாவைத் தெரிந்தெடுத்தோர் சமநிலையைச் சமநிலையாகவே விட்டுவிட்டு முடிவை மட்டும் கடவுளிடம் ஒப்படைத்தனர். சட்டமோ சமநிலையே இல்லாதிருந்தது போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டம் நெடுங்காலம் இவ்விரு வழிகளையும் விட்டு மூன்றாவது ஒன்றைக் கைக்கொண்டிருந்தது: போட்டி சமனில் முடிந்தால் பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே தங்கும். 1951இல் மிகாயில் போத்வின்னிக், டேவிட் பிரான்ஸ்டைனோடு 12–12 என்று முடித்துப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். 1954இல் வசீலி ஸ்மிஸ்லோவோடும் அதே கணக்கு, அதே விளைவு. 1987இல் செவில் நகரில் காஸ்பரோவ் கடைசி ஆட்டத்தை வென்று 12–12 ஆக்கிக் கார்ப்போவின் கையருகே வந்த பட்டத்தைத் தடுத்தார். 2004இல் பீட்டர் லேக்கோ ஒரு புள்ளி முன்னிலையோடு கடைசி ஆட்டத்திற்கு வந்து, அதில் கிராம்னிக்கிடம் தோற்று, 7–7 என்ற கணக்கில் வெறுங்கையோடு திரும்பினார். உடைமையாளரை அசைக்க வேண்டுமானால் அவரைவிட மேலானவர் என்று காட்ட வேண்டும் என்னும் இவ்விதியில் ஒரு பழைய நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது நிகழ்காலச் சமத்துவத்தின் மேல் கடந்தகாலத்தின் எடையை ஏற்றுகிறது. முன்பு ஈட்டிய பயன் இப்போதைய வினைக்கு ஈடாக நின்றுவிடுவதால், பிரான்ஸ்டைன் ஆடிய 24 ஆட்டங்களும் போத்வின்னிக்கின் 24 ஆட்டங்களும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சீட்டு சதுரங்கத்திற்குள் நேரடியாக நுழைந்ததும் உண்டு. 1983இல், சாம்பியனோடு மோதுபவரைத் தெரிந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் சுற்றின் கால் இறுதியில், 62 வயதை எட்டியிருந்த ஸ்மிஸ்லோவும் ஜெர்மானியரான ராபர்ட் ஹியூப்னரும் ஆஸ்திரியாவின் வெல்டன் ஊரில் மோதினர். 10 ஆட்டங்களில் 5–5, கூடுதலாக ஆடிய நான்கையும் சேர்த்து 7–7 என்று நின்ற நிலையில், விதிப்படி முடிவு அவ்வூர்ச் சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்திடம் விடப்பட்டது. சிவப்பு ஒருவருக்கு, கறுப்பு மற்றவருக்கு. முதற்சுற்றில் பந்து சிவப்பிலும் விழவில்லை, கறுப்பிலும் விழவில்லை. இரு நிறத்திற்கும் சேராத பூச்சியத்தில் போய் நின்றது. மறுபடியும் சுழற்றியபோது ஸ்மிஸ்லோவ் முன்னேறினார்.

இதனைச் சதுரங்கத்திற்கு நேர்ந்த இழிவாகவே பலரும் நினைவுகூர்கின்றனர். அந்த உணர்வு சரியானது, ஆனால் அதற்குரிய காரணம் சக்கரம் சூதாட்ட விடுதியில் இருந்தது என்பதில் இல்லை. ஊர்ச்சபை உறுப்பினர் பதவியும் அப்போஸ்தலப் பணியும் ஒருவர் மேல் சுமத்தப்படும் தொண்டு. தகுதியுடையோர் பலருள் யார் அதைச் சுமந்தாலும் ஊருக்கும் சபைக்கும் குறைவில்லை என்பதால் அங்கே சீட்டு பொருந்துகிறது. சாம்பியன் பட்டம் அப்படிப்பட்டதன்று. அது ஒருவர் செய்துமுடித்த செயலைப் பற்றிய ஒரு கூற்று, செய்யாத செயலுக்கு அதைச் சூட்ட இயலாது. பூக்கட்டிப் பார்ப்பவரும் பயிர் விளைந்ததா இல்லையா என்று பூவைக் கேட்பதில்லை, விதைக்கலாமா என்றே கேட்கிறார். இனிச் செய்ய வேண்டியதைத் தெய்வத்திடம் விடுவதற்கும், செய்யப்பட்டதன் மதிப்பைத் தெய்வத்தின் பேரால் மாற்றி எழுதுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வெல்டன் விதி காணத் தவறிற்று.

தாமிரபரணிக் கரையில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்த சிவஞான முனிவர், மெய்கண்டாரின் சிவஞானபோதத்திற்கு எழுதிய மாபாடியம் என்னும் பேருரை சைவ சித்தாந்தத்தின் நுட்பங்களுக்கு முதன்மைச் சான்றாக விளங்குவது. அச்சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்று ஒரு நிலை பேசப்படுகிறது. நல்வினை இத்தனை, தீவினை இத்தனை என்று எண்ணி இரண்டும் ஒரே கணக்கில் நிற்பது அதன் பொருள் என்று எளிதில் எண்ணிவிடலாம். முனிவரோ அதை வினைகளின் எண்ணிக்கையில் வைக்காமல் உயிரின் அறிவில் வைக்கிறார். தீவினைப் பயனில் உண்டாகும் வெறுப்பே நல்வினைப் பயனிலும் உண்டாகி, இரண்டையும் ஒன்றுபோல் விடத்தக்கனவாக உயிர் காண்பதே அந்த ஒப்பு. அதனோடு கூடி, மறைக்கும் மலம் பக்குவப்பட, திருவருள் பதிகிறது. இந்தப் பார்வையில் சமநிலை ஒரு முட்டுக்கட்டையாகாமல் கனிவாக ஆகிறது. அதைச் சதுரங்கத்தில் அப்படியே பொருத்துவது மிகையாகும். ஆடுபவர் வெற்றியை வெறுத்தவரல்லர். எனினும் ஒன்றை அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்: 6–6 என்ற கணக்கைத் தீர்ப்புக் கிடைக்காத குறையாகப் பார்க்கும் பழக்கம் ஒரேயொரு பார்வைதான், அதுவே இருவரும் எட்டிய முழுமையான ஓர் உண்மையாகவும் இருக்கக்கூடும்.

மாஸ்கோவில் 2012 மே மாதம் நடந்தது அத்தகைய 6–6. மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்தும் இஸ்ரேலின் போரிஸ் கெல்ஃபாண்டும் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் ஆடிய 12 ஆட்டங்களில் 10 டிராவாயின. 7ஆம் ஆட்டத்தைக் கெல்ஃபாண்ட் வென்றார். அடுத்ததையே ஆனந்த் 17 நகர்த்தல்களில் வென்றார். மே 30ஆம் நாள் சமன் முறிவுக்காக, அதாவது டை-பிரேக்காக, ஆளுக்கு 25 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 வினாடிக் கூடுதலும் கொண்ட ரேபிட் ஆட்டங்கள் நான்கு ஆடப்பட்டன. அவற்றுள் இரண்டாவதை வென்று 2.5–1.5 என்ற கணக்கில் ஆனந்த் பட்டத்தைக் காத்தார். ரேபிடும் சமனாகியிருந்தால் அதனினும் விரைவான பிளிட்ஸ் ஆட்டங்களும், அவையும் தீர்க்காவிடில் ஆர்மகெடன் என்னும் ஒற்றை ஆட்டமும் காத்திருந்தன. ஆர்மகெடனில் வெள்ளைக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 4 நிமிடம் மட்டுமே. ஆயினும் டிராவானால் கறுப்பே வென்றதாகும். நடுவுநிலையை எட்டுவதற்காகவே இருவருக்கும் வெவ்வேறு நிபந்தனை விதிக்கும் அதன் அமைப்பு ஆழ்ந்து எண்ணத்தக்கது, ஏனெனில் எல்லோருக்கும் ஒரே அளவு என்பதே நீதி என்னும் பொதுக்கருத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

ரேபிட் முறையின் மேல் ஒரு வலுவான தடையைச் சொல்லலாம். நீண்ட சிந்தனையில் யார் மேல் என்ற கேள்விக்கு விரைவில் யார் மேல் என்ற விடையை அது தருகிறது. 2018இல் லண்டனில் உலகப் பட்டத்திற்காக மோதிய கார்ல்சனும் கருவானாவும் 12 ஆட்டங்களையும் டிராவாக்கியபின் ரேபிடில் கார்ல்சன் 3–0 என்று வென்றதைக் கண்டோர், அந்த 3–0 முந்தைய 12 ஆட்டங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்வர். அத்தடையை ஏற்றுக்கொண்ட பின்பும் ரேபிடே மற்ற வழிகளைவிட மேலானது என்று கொள்ள இடமுண்டு. அதில் முடிவு மறுபடியும் ஆடுபவரின் கைக்கே திரும்புகிறது. வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்து, பொருட்பாலுக்குள் ஆள்வினையுடைமை என்று விடாமுயற்சிக்குத் தனி அதிகாரம் வகுத்ததில் தமிழ் அறச்சிந்தனை இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் வைத்திருப்பது தெரிகிறது. ஊழ் வலியது என்று அறிந்தவனும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்திற்காக டி. குகேஷும் டிங் லிரெனும் ஆடிய 14ஆவது ஆட்டம் இதைப் பலகையிலேயே காட்டியது. கணக்கு 6.5–6.5; அந்த ஆட்டமும் டிரா ஆனால் மறுநாள் ரேபிட், அதில் டிங்கின் கையே ஓங்கும் என்று பலரும் எண்ணியிருந்தனர். கறுப்பை ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல் இருந்தும் நிலை டிராவை நோக்கியே சென்றது. கை குலுக்கிக்கொள்ளாமல் அவர் நகர்த்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்திற்குக் கொண்டுவந்து யானை மாற்றத்திற்கு வழிவிட்டார். டிங்கின் பிஷப் அப்போது ஏ8 மூலையில் ஒற்றைச் சாய்கோட்டில் நின்றது. யானைகள் விலகியதும் குகேஷ் தம் பிஷப்பை டி5இல் வைக்க, மூலையிலிருந்ததற்கு மாற்றத்திலிருந்து தப்ப வழியில்லாமற் போயிற்று. எஞ்சிய ராஜா–சிப்பாய் முடிவாட்டம் கறுப்புக்கு வெற்றி. 7.5–6.5. டை-பிரேக் நடக்கவே இல்லை, ஆயினும் வரவிருந்த அதன் நிழல் அந்த ஆட்டம் முழுவதும் விழுந்திருந்தது: ஒருவர் அதை எதிர்பார்த்து ஆடினார், மற்றவர் அதை வரவிடாமல் ஆடினார். முறிவு விதி எதுவாயினும் அது முறிவுக்கு முன்னேயே வினைகளை உருவாக்கத் தொடங்கிவிடுகிறது.

நெல்லைச் சீமைக்கும் சதுரங்கத்திற்கும் புராணத்தில் ஒரு தொடர்பு உண்டு. நீடாமங்கலம் அருகே தேவாரப் பாடல் பெற்ற பூவனூரில் இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். நெல்லையை ஆண்டதாகச் சொல்லப்படும் வசுசேன மன்னனின் மகள் இராஜராஜேஸ்வரியை எவரும் சதுரங்கத்தில் வெல்ல இயலாதிருக்க, சிவபெருமான் சித்தராக வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். இக்கதையில் இறைவன் வானிலிருந்து தீர்ப்புச் சொல்லவில்லை. எதிரே அமர்ந்து, அதே விதிகளுக்கு உட்பட்டுக் காய் நகர்த்துகிறான். அருளும் ஆட்டத்தின் வழியாகவே வர வேண்டும் என்று கண்ட பக்தி மரபு சீட்டை நாடவில்லை.

சமத்துவத்தை அப்படியே ஏற்றுப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டால் என்ன என்பது எஞ்சியிருக்கும் வழி. 2024இன் கடைசி நாளில் நியூயார்க்கில் உலக பிளிட்ஸ் இறுதியில் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் 2–2 என்று நின்று, வென்றவருக்கே பட்டம் என்ற கூடுதல் ஆட்டங்கள் மூன்றும் டிராவானதும், இருவருமே சாம்பியனாகலாம் என்று கார்ல்சன் முன்மொழிய, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இசைந்தது. உண்மைக்கு நெருங்கிய முடிவுதான் அது. ஆனால் பயனடையும் இருவரே விதியை ஆட்டத்தின் நடுவில் மாற்றிக்கொண்டனர் என்ற கண்டனம் எழுந்தது, அக்கண்டனம் நியாயமானது. உத்திரமேரூரில் குடம் கொண்டுவரப்படும் முன்பே விதிகள் கல்லில் வெட்டப்பட்டிருந்தன. பகிர்வை விரும்பும் கூட்டமைப்பு அதை முதல் காய் நகரும் முன் விதிநூலில் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தால், 2012 மாஸ்கோவைப் போன்ற 6–6 இன்னொரு முறை வரும்போது அது அவ்வாறே நிற்கவும் இடமிருக்கும்.