வலி நின்றால் மருந்தை நிறுத்தலாமா?



“ஹஜ்ரத், வலி நின்றுவிட்டது, நோன்பும் வந்துவிட்டது. அல்சர் மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்றார் குன்றத்தூரில் ஒரு பெரியவர். நிறுத்தச் சொன்னவர் டாக்டரா? இல்லை, வலி நின்றதே அவருக்குப் போதுமான சாட்சி!

வயிற்றுப்புண் காரத்தாலும் கவலையாலும் வருவதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் கிருமியைக் கண்டறிந்தார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அக்கிருமி இருந்தால், டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை, பெரும்பாலும் 14 நாட்கள், முழுமையாகச் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் கிருமி பிழைத்து, மருந்துக்கு அடங்காமல் போகலாம். மூட்டுவலிக்கென்று கடையில் நாமே வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும்.

மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நோன்பு கூடாதென்றால், நோயாளி பிறகு களாச் செய்ய அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனம் இடமளிக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பது பேணுதலாகாது.

மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ மஃரிபுக்காகக் காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களல்லவா நம் நபிகளார் (ஸல்)! மருந்தை முறையாக முடிப்பது நம் கடமை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்.