புது வருடத் தீர்மானமும் பழைய மனிதனும்



மார்கழி 31ஆம் திகதி நள்ளிரவுத் திருப்பலிக்கு ஆலயத்தினுள் இடம் போதாமல் மக்கள் விறாந்தையிலும் முற்றத்திலும் நிற்பதைக் காண்கிறோம். வருடம் முழுவதும் காணாத சில முகங்களையும் அன்று காணலாம். அவர்களுள் அநேகர் மனதில் ஒரு தீர்மானத்தோடுதான் வருகிறார்கள். இனிக் குடிப்பதில்லை, இனி வீட்டில் கோபிப்பதில்லை, நாளை முதல் நாள்தோறும் குடும்ப செபமாலை. அந்தத் தீர்மானம் பொய்யானதென்று நாம் சொல்லமாட்டோம். அந்த வேளையில் அது மெய்யானதே. ஆயினும் மூவிராசாக்கள் திருநாளைத் தாண்டாத தீர்மானங்கள் பல. தைப்பொங்கலைத் தாண்டுபவை சில.

ஏன் இப்படி? "மனவுறுதி இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். திருச்சபையின் பெரும் ஆசிரியர்கள் இதை இவ்வளவு இலேசாக விட்டுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவைனாஸ், புண்ணியம் என்பது ஒரு செயல் அன்று, உள்ளத்தில் ஊன்றிய ஒரு பழக்கம் என்று விளக்குகிறார். ஒரேயொரு நற்செயலால் அப்பழக்கம் உண்டாவதில்லை. நெருப்பு ஒரு பொருளை உடனே பற்றிக்கொள்வதில்லை, அதிலுள்ள எதிரான தன்மைகளைச் சிறிது சிறிதாக வெளியேற்றிய பின்னரே பற்றுகிறது என்பது அவர் காட்டும் உவமை. மாரி காலத்தில் ஈர விறகோடு அடுப்படியில் போராடும் நம் தாய்மாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தீய பழக்கமும் அப்படியே. அதற்குரிய செயல்கள் நின்று நாட்செல்ல அது தளர்ந்து போகிறது. ஒரு சபதத்தால் செத்துவிடுவதில்லை.

"பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் கழுவப்படுகிறதே, சுவாமி" என்று கேட்பீர்கள். பாவம் மன்னிக்கப்படுகிறது, முழுமையாகவே. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவரிடத்திலும் பாவத்தின்பால் இழுக்கும் நாட்டம் எஞ்சியிருக்கிறது என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1546இல் போதித்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியை விட்டு எழுந்து செல்பவன் அதே நாக்கோடும், அதே நண்பர்களோடும், தவறணையைக் கடந்து செல்லும் அதே வீதியாலும்தான் வீடு செல்கிறான்.

புனித இஞ்ஞாசியாரின் வாழ்வை இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது நல்லது. 1521இல் பம்பலோனாக் கோட்டையில் கால் முறிந்து படுத்த போர்வீரர் மனந்திரும்பினார். மறுவருடம் மன்றேசாவில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முற்பட்டார். கடும் உபவாசம், நீண்ட செபம், வெட்டாத முடி, வெட்டாத நகம். உடல்நலம் கெட்டதே கண்ட பலன். பின்னர் அவற்றைத் தளர்த்தினார். முப்பது வயதைத் தாண்டிய பின் பார்சலோனாவில் சிறுவர் கற்கும் இலத்தீன் இலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து கற்றார். குருப்பட்டம் பெற்றது 1537இல். மனந்திரும்பிப் பதினாறு வருடங்களின் பின்.

1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற அவருடைய "ஞானப் பயிற்சிகள்" என்னும் நூலில், குறிப்பிட்ட ஒரு குற்றத்தைப் பற்றிய ஆத்துமசோதனை உண்டு. ஒரு குற்றம் மட்டுமே, ஏழெட்டு அல்ல. காலையில் எழும்போது அதை நினைத்துக்கொள்வது. மதியத்திலும் இரவிலும் எத்தனை முறை விழுந்தோம் என்று எண்ணி, அந்த நாளுக்குரிய கோட்டின்மேல் அத்தனை புள்ளிகள் இடுவது. பின் நாளோடு நாளையும் கிழமையோடு கிழமையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பாடசாலைக் கொப்பியில் ஒரு தாள் போதும். இது கடைக்கணக்குப் போலத் தோன்றலாம். தோன்றட்டும்! கடைக்காரர் காசின்மேல் வைக்கும் கவனத்தை நாம் ஆத்துமத்தின்மேல் வைத்தால் என்ன குறை?

ஆனால் இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. "எல்லாம் படிப்படியாகத்தானே" என்ற சொல் சிலருக்கு மிகவும் இனிக்கும். மனைவியை அடிப்பவன், இந்த வருடம் குறைத்து அடிப்பேன் என்று தீர்மானிக்கலாமா? கூலியாளின் சம்பளத்தைப் பிடித்து வைத்திருப்பவன், சீட்டுக் காசை விழுங்கியவன், மெல்ல மெல்ல நேர்மையாவேன் என்று சொல்லலாமா? பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் குடும்பங்களைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். மனிதன் படிப்படியாக வளர்கிறான் என்பது உண்மை. கடவுளின் கட்டளை ஆளுக்கு ஆள் படிப்படியாகக் குறைந்து கொடுக்கும் என்பது உண்மையன்று. எமது குற்றம் இன்னொருவரின் உடல்மேலோ உழைப்பின்மேலோ நற்பெயரின்மேலோ விழும்போது, அது இன்றே நிற்கவேண்டும். எரிக்கோவில் சக்கேயு தவணை கேட்கவில்லை. ஆண்டவர் தன் வீட்டில் இருக்கும்போதே பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், வஞ்சித்தவர்களுக்கு நான்கு மடங்கும் கொடுப்பதாகச் சொன்னார். அவருடைய பணஆசை அன்றே முற்றாக அடங்கியதா என்று நற்செய்தி கூறவில்லை. ஏமாந்தவர்கள் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாகலாம். அவர் வைத்தியரின் துணையோடு நிறுத்தவேண்டும். அதில் வெட்கம் எதுவுமில்லை. மருந்துக்குத் தவணை உண்டு. வீட்டிலுள்ளோர்மேல் ஓங்கிய கைக்குத் தவணை இல்லை.

இனி, வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். கோபத்தை அடக்க முயலும் மகன் ஒருநாள் கத்திவிட்டால், "எனக்கு அப்பவே தெரியும், உவர் திருந்த மாட்டார்" என்று கூறுபவர்கள் நம் வீடுகளில் குறைவில்லை. பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டவன், மேலே ஓலை தெரியவில்லை என்று மறுகிழமையே கிண்டிப் பார்ப்பதில்லை. முளை முதலில் கீழேதான் போகிறது என்பது அவனுக்குத் தெரியும். இராயப்பர் பரிசுத்த ஆவியைப் பெற்றபின்பும், அந்தியோக்கியாவில் ஆட்களுக்குப் பயந்து புறவினத்தாரோடு உண்பதை விட்டு விலகினார். சின்னப்பர் அவரை முகத்துக்கு முகம் கண்டித்தார். அந்தக் கண்டிப்பு அந்த ஒரு செயலைப் பற்றியது. இராயப்பர் மனந்திரும்பியதே பொய்யென்று சின்னப்பர் எழுதவில்லை.

ஆகவே பல வருடங்களாகச் செபமாலை இல்லாத வீட்டில், தை முதலாம் திகதியே ஐம்பத்துமூன்று மணியும் பிரார்த்தனையும் வேண்டாம். பிள்ளைகள் மூன்றாம் நாளே ஒளிந்துகொள்வார்கள். கைத்தொலைபேசிகளை எல்லாம், தகப்பனுடையது உட்பட, ஓர் அலுமாரித் தட்டில் வைத்துவிட்டு, பத்து மணி மட்டும் சொல்லுங்கள். அது பிசகாமல் ஒரு மாதம் நடந்தால் அடுத்த பத்தைச் சேர்க்கலாம். புள்ளியிடும் தாளையும் கிழித்தெறியாமல் விபூதிப் புதன்வரை வைத்திருங்கள். மாசியிலோ பங்குனி முற்பகுதியிலோ அந்த நாள் வரும். அந்நாட்களில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது அதை மடித்துப் பையில் கொண்டு போகலாம். புள்ளிகள் அதிகமென்று குருவானவர் கோபிக்க மாட்டார்.