நல்லதுக்குத்தானே அனுப்புறேன்?



கொள்ளைநோய் காலத்தில் கிருமி மட்டும் தனியாக வருவதில்லை. அதைப் பற்றிய பேச்சும் கூடவே வந்து சேருகிறது. 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது அந்தப் பேச்சு பெரும்பாலும் வீடியோவாக வந்தது. வெந்நீர் குடி, பூண்டு சாப்பிடு, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளி, பத்து விநாடி மூச்சை அடக்கிப் பார், இருமல் வராவிட்டால் உனக்கு வியாதியே இல்லை என்று எத்தனையோ காரியங்கள் கைபேசிக்குள் வந்து விழுந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் அந்த ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே, நோயோடு மட்டுமல்ல, பொய்த் தகவல்களின் வெள்ளத்தோடும் போராட வேண்டியிருக்கிறது என்று எச்சரித்தார்.

அந்த நாட்களில் ஜனங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "பிரதர், நான் நல்லதுக்குத்தானே அனுப்புறேன்? உண்மையா இருந்தா நாலு பேர் பிழைப்பாங்க. பொய்யா இருந்தா என்ன போச்சு?"

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிடமாட்டேன். அதற்குள்ளே அன்பு இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத காலம். வியாதியஸ்தரைப் போய்ப் பார்க்க வழியில்லை. ஒரு வீடியோவை அனுப்புவதுதான் "உன்னை நான் மறக்கவில்லை" என்று சொல்லும் வழியாக அநேகருக்கு இருந்தது. ஆனாலும் நல்ல நோக்கம் இருந்தால் போதுமா? இதை நாம் நிதானமாய் யோசிக்க வேண்டும்.

முதலாவது, பொய்யாய் இருந்தால் என்ன போயிற்று என்று பார்ப்போம். 2014-ம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, உப்புத் தண்ணீர் குடித்தால் அந்த வியாதி அண்டாது என்ற செய்தி நைஜீரியா தேசத்தில் கைபேசி வழியாகப் பரவியது. அதை நம்பிக் குடித்தவர்களில் குறைந்தது இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது எபோலா அல்ல, உப்பு. 2020-ல் ஈரான் தேசத்தில், சாராயம் குடித்தால் கொரோனா கிருமி சாகும் என்ற வதந்தியை நம்பி, மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

சபைக்குள்ளேயும் இது நடந்தது. 2020 மார்ச் மாதம் தென்கொரியாவில் சியோங்னாம் என்ற பட்டணத்தில் ஒரு சபையார், உப்புத் தண்ணீர் கிருமியைக் கொல்லும் என்று நம்பி, ஆராதனைக்கு வந்தவர்களின் வாயில் ஒரே பாட்டிலால் உப்புத் தண்ணீரைத் தெளித்தார்கள். அந்தப் பாட்டிலின் முனையைச் சுத்தம் செய்யவில்லை. போதகர் உட்பட 40-க்கும் மேற்பட்டோருக்கு வியாதி தொற்றியது. தெளித்தவர்களுக்கு யாரையும் கெடுக்கும் எண்ணம் கிடையாது. காப்பாற்றத்தான் நினைத்தார்கள். பிரியமானவர்களே, கை அன்பாய் இருந்தது, பாட்டில் அசுத்தமாய் இருந்தது. அன்பான கை என்பதற்காகக் கிருமி விலகிப் போகவில்லை.

இரண்டாவது, எண்ணிக்கையைப் பாருங்கள். 2020 மார்ச் மாதம் கனடா தேசத்து ஆய்வாளர்கள் யூடியூபில் கொரோனாவைப் பற்றி அதிகமாய்ப் பார்க்கப்பட்ட 69 ஆங்கில வீடியோக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 19 வீடியோக்களில் உண்மையல்லாத தகவல் இருந்தது. அந்தப் பத்தொன்பதும் 6 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தன. எடுத்தவர்கள் சிலர்தான், ஆனால் கைமாற்றிக் கொடுத்தவர்கள் ஏராளம். ஆகவே "நான் சொல்லலையே, யாரோ சொன்னதைத்தானே அனுப்பினேன்" என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பொய்ச்சாட்சியைக் குறித்த ஒன்பதாம் கற்பனையை நாம் அறிவோம். பெற்றுக்கொள்கிறவர் யூடியூப்காரனை நம்பி அந்த வீடியோவைத் திறப்பதில்லை. "எங்க சபை அக்கா அனுப்பியிருக்காங்க" என்றுதான் திறக்கிறார். உங்கள் பெயர்தான் அங்கே சாட்சியாய் நிற்கிறது.

2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அவ்வளவுதான். வேண்டுமானால் ஒவ்வொருவராய் எல்லாருக்கும் அனுப்பலாம். ஆனாலும் அப்படிப்பட்ட செய்திகள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்துவிட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிறன்மேல் உள்ள பாரத்தினால் அனுப்பியிருந்தால், இன்னொரு தடவை விரலை அசைப்பது பெரிய கஷ்டமா? அப்படியானால் அன்பு என்று நாம் பேரிட்டு அழைத்ததில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பழக்கம்?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும்பும். "டாக்டருங்களே மாத்தி மாத்தி சொன்னாங்களே, நாங்க யாரை நம்புறது?" உண்மைதான். ஊரில் பொதுவாக எல்லாரும் துணி முகக்கவசம் அணிவதை உலக சுகாதார நிறுவனம் முதலில் வலியுறுத்தவில்லை. 2020 ஜூன் 5 அன்று தன் ஆலோசனையை மாற்றி, பரவல் உள்ள இடங்களில் அணியும்படி சொன்னது. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். புதிய விவரம் தெரிந்தபோது அவர்கள் எல்லார் முன்பாகவும் வந்து மாற்றிச் சொன்னார்கள். பத்து விநாடி மூச்சை அடக்கச் சொன்னவர் திரும்பி வந்து "நான் சொன்னது சரியல்ல" என்று சொன்னாரா? திருத்திக்கொள்ளுகிறவனிடத்தில் உண்மையைத் தேடும் மனம் இருக்கிறது.

லேவியராகமம் 13-ம் அதிகாரத்தில் ஆசாரியன் என்ன செய்கிறான்? தோலில் தழும்பைக் கண்டவுடனே குஷ்டம் என்று முடிவு கட்டவில்லை. சந்தேகமானால் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறான். அப்போதும் தெளிவில்லாவிட்டால் மறுபடியும் ஏழு நாள். ஒரு மனுஷனுடைய காரியத்தில் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல் காத்திருக்க, ஆசாரியனுக்கே கட்டளை இருந்தது. நமக்கோ ஏழு நிமிஷம் பொறுமையில்லை!

"அப்படின்னா வாயைத் திறக்கவே கூடாதா?" அப்படியும் அல்ல. நல்ல செய்தி தாமதித்தாலும் உயிர் போகும். அதனால் நான் ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டிருக்கிறேன். இது தவறாய் இருந்தால் கேட்கிறவனுக்கு என்ன ஆகும்? சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவு என்ற வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு, சோப்பு அதை உடைத்துப்போடும். ஒருவேளை அது தவறாயிருந்தாலும் கை சுத்தமாகும், அவ்வளவுதான். ஆனால் இதைக் குடி, அதை விழுங்கு, மாத்திரையை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று ஒரு வீடியோ சொன்னால், அது தவறானால் ஒரு குடும்பம் தலையில்லாமல் போகும். கெடுதி எவ்வளவு பெரியதோ, அவ்வளவு உறுதியான ஆதாரம் வேண்டும். அதைச் சொல்லுகிறவர் யார், எந்த ஆஸ்பத்திரி, எந்த அரசுத் துறை, எந்தத் தேதி என்று தெரியாவிட்டால் உங்கள் கையில் அது நின்றுபோகட்டும்.

ஆகவே பிரியமானவர்களே, அடுத்த வியாதி வரும் நாளில் யாராவது உங்களிடம் "இது உண்மையா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, நர்ஸம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல வெட்கப்படாதிருங்கள். அப்படிச் சொல்வது விசுவாசக் குறைவும் அல்ல, அன்புக் குறைவும் அல்ல. பிறனுடைய உயிருக்குப் பயந்து நடக்கிற அன்பு அது. அந்த அன்பினால் கர்த்தர் நம்மை நிரப்புவாராக. ஆமென்.