சிகரெட் அட்டையும் உடப்புத் தீக்குழியும்

போரைப் படமாக்கிக் காண்பதும் வழிபாடாக்கி ஏற்பதும் அறவியலில் ஒன்றாகுமா என்ற வினா, இலங்கையில் புகையிலை விளையும் கற்பிட்டிக்குத் தெற்கே, உடப்புக் கடற்கரையில் கூர்மை பெறுகிறது. அவ்வாறு படமாக்கியதற்குச் சான்றான சிகரெட் அட்டை என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்லிய தாள் உறைக்குள் சிகரெட்டுகள் நசுங்காமலிருக்க வைக்கப்பட்டு, பின்னர் விளம்பரமாகவும் சேகரிப்புப் பொருளாகவும் மாறிய சிறு தடித்தாள் ஆகும். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1895இல் வெளியிட்ட 'உலகப் படைவீரர்கள்' போன்ற வரிசைகளில், சீருடையின் நிறமும் தலைக்கவசமும் பளிச்சிட, வீரன் பெரும்பாலும் காயமின்றி, எதிரியுமின்றித் தனியே நிற்கிறான். கொல்லப்பட்டவன் படச்சட்டத்துக்கு வெளியே விடப்படுகிறான்.

உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் ஆடித் திருவிழாவோ, மகாபாரதப் போர் நீடித்த 18 நாட்களையே தன் கால அளவாகக் கொண்டு, தீமிதிப்பில் உச்சமடைகிறது. விரதத்தால் மெலிந்த உடலோடு, சாம்பல் பூத்த தணலில் வெறுங்காலை ஊன்றும் அடியார், போரின் வெம்மையைப் பிறர்மேல் ஏற்றாமல் தம் உள்ளங்காலிலேயே வாங்குகிறார். வழிபாடும் போரைப் புனிதமாக்கிவிடும் என்ற ஐயம் நியாயமானதே, எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. ஆயினும் அவ்வழிபாடு வேர்கொண்ட பாரதம் வெற்றியோடு நின்றுவிடாமல், ஸ்திரீ பர்வத்தில், மக்களை இழந்த காந்தாரியையும் கைம்பெண்களையும் குருக்ஷேத்திரக் களத்துக்கே அழைத்துச் சென்று, பிணங்களுக்கிடையே தம்மவரைத் தேடி அழவைக்கிறது.