சும்மா இருக்கும்போது செய்தது

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஊட்டிக்கு, நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் திண்ணையில் அவர்கள் வீட்டு நாய் சுருண்டு படுத்திருந்தது. அதற்குக் கீழே விரித்திருந்த சாம்பல் நிறத் துணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு அவள் மகனுக்கு நான் பின்னிக்கொடுத்த ஸ்வெட்டர் அது. கழுத்துப் பட்டையில் ஒரு கண்ணி தவறி விழுந்திருக்கும். வேறு யார் கண்ணுக்கும் படாத அந்தப் பிழை எனக்கு அடையாளம்.

"அவனுக்குச் சின்னதாப் போச்சு அண்ணி. தூக்கிப் போட மனசு வரல. குளிர்ல கிடக்குதே, இதுக்காவது ஆகட்டும்னு விரிச்சேன்" என்றாள்.

அவள் சொன்னதில் தவறே இல்லை. பையன் வளர்ந்துவிட்டான். ஆனாலும் குன்னூர் திரும்பும் பஸ்ஸில் மனசு ஆறவில்லை. ஒரு பழைய ஸ்வெட்டருக்கு இத்தனை கோபம் எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கோபம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி என்மேல் வரவேண்டியது. இன்னொரு பாதி நாத்தனார்மேல் வரவேண்டியதே அல்ல.

முதல் பாதி, கொடுத்தலைப் பற்றியது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மார்புச் சுற்று 34 அங்குலம் வைத்தேன். அங்குலத்துக்கு 5 கண்ணி என்றால் ஒரு சுற்றுக்கு 170. அக்குள்வரை 14 அங்குல உயரம், அங்குலத்துக்கு 7 வரிசை வீதம் 98 வரிசை. உடல் பகுதிக்கு மட்டும் 16,660 கண்ணிகள். கைகள், தோள், கழுத்து எல்லாம் இதற்கு மேல். பிழை வந்து பிரித்து மறுபடி போட்டதையும் சேர்த்தால் 40 மணி நேரத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கை மூன்று வருடமாக என்னையறியாமல் மனதில் வைத்திருந்திருக்கிறேன். அப்படியானால் நான் கொடுத்தது என்ன?

திருக்குறளின் ஈகை அதிகாரம் இந்த விஷயத்தில் கண்டிப்பானது. இல்லாதவருக்குத் தருவதை மட்டும்தான் வள்ளுவர் ஈகைக் கணக்கில் சேர்க்கிறார். மற்றவை அவருக்குக் குறியெதிர்ப்பை, அதாவது அளந்து கொடுத்து அதே அளவு திரும்ப வாங்கும் கைமாற்று. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தன் நீண்ட கட்டுரையில் வேறு வழியாக இதன் பக்கத்தில் வந்து நிற்கிறார். பரிசு என்பது மூன்று கடமைகளின் கட்டு என்கிறார்: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பித் தர வேண்டும். வள்ளுவர் அதை ஈகையிலிருந்து பிரித்து வைக்கிறார். மோஸோ சமூகங்களைக் கட்டி வைத்திருப்பதே அதுதான் என்கிறார்.

நான் கைமாறாக இன்னொரு ஸ்வெட்டர் கேட்கவில்லை. அவன் அதைப் போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரவேண்டும். யாராவது கேட்டால் "அத்தை போட்டுக் கொடுத்தது" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதுவும் ஒரு விலைதான். ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டு நூலின் நுனியை என் கையிலேயே வைத்திருந்தேன். அவன் வளர வளர அது இழுபட்டது. வள்ளுவர் கணக்கில் பார்த்தால், திருப்பித் தர எதுவும் இல்லாத அந்த நாய்க்குப் போனபிறகுதான் என் ஸ்வெட்டர் ஈகை ஆகியிருக்கிறது. அதற்கும் நன்றி நாத்தனாருக்குத்தான் போகவேண்டும்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது பற்றற்றுக் கொடுக்கச் சொல்லும் நல்லுரையாக முடிந்திருக்கும். பெண்களுக்கு அந்த உரை புதிதல்ல. எதையும் எதிர்பார்க்காமல் கொடு என்று சொல்லியே நம்மை வளர்க்கிறார்கள். அதனால் மற்ற பாதியையும் பார்த்தாக வேண்டும்.

அந்த 40 மணி நேரம் எங்கிருந்து வந்தது? என் மாமியார் ஒவ்வொரு வருடமும் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "சும்மா இருக்கிற நேரத்துல போட்டுடுவா." நான் சும்மா இருந்த நேரம் எது என்று யோசித்துப் பார்க்கிறேன். குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரம். மாமியாரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போய் வரிசையில் உட்கார்ந்திருந்த நேரம். மகளுக்குப் பரீட்சை என்று தூங்காமல் துணையிருந்த நேரம். எல்லாமே ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை. இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். நான் கைக்குட்டைக்குள் சுற்றி வைத்த ஊசியை எடுத்துப் பின்னியதெல்லாம் அந்த 299 நிமிடத்தின் இடுக்குகளில்தான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். என் கையில் புத்தகம் இருந்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். ஊசி இருந்தால் "அந்த வரிசையை முடிச்சிட்டு வா" என்பார்கள். புத்தகம் எனக்கு, ஸ்வெட்டர் யாருக்கோ. பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்குகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தையல், எம்பிராய்டரி, கோலம், ஊறுகாய், தோட்டம். எல்லாவற்றின் முடிவிலும் வீட்டுக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. உட்கார்ந்திருக்கும் உரிமையை நான் இத்தனை வருடமாகக் கம்பளி நூல் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

பொழுதுபோக்கு என்ற சொல்லே யார் செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வருகிறது. திருப்பூரில் இயந்திரம் போடும் அதே கண்ணி, பின்னலாடைத் தொழில். என் மடியில் அது பொழுதுபோக்கு.

"அப்போ விலைக்கு விற்க வேண்டியதுதானே" என்கிறாள் ஒரு தோழி. விலை வைத்துவிட்டால் மதிப்பு வந்துவிடும் என்பது அவள் எண்ணம். மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நரசாபூர் லேஸ் பெண்கள் பற்றிய புத்தகத்தைப் படித்தபிறகு எனக்கு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரிப் பகுதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷா ஊசியால் போட்ட லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. வியாபாரம் ஆண்கள் கையில். நாள் முழுக்க உழைத்த பெண்களோ வீட்டில் இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் லேஸ் போடுகிறவர்கள். அப்படிச் சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைக்க முடிந்தது. விலை வந்தது, சும்மா இருக்கும்போது செய்தது என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

ஆனால் நாகர்கோவிலை நினைத்தால் மறுபக்கமும் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த பெண்கள் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அடிமைச் சாதிகளில் பிறந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். ஆகவே ஊசியைக் குற்றம் சொல்ல முடியாது, காசையும் முடியாது. யாருடைய நேரம், யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. நரசாபூரில் அதைப் பெண்கள் தீர்மானிக்கவில்லை. என் வீட்டில் நானும் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் பட்டியல் தானாக வந்தது, நான் நூல் வாங்கப் போனேன்.

நன்றியை எதிர்பார்த்ததற்காக என்னைக் கடிந்துகொண்டேன் அல்லவா? அதை இப்போது கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இல்லாதவள் கொடுப்பதற்குப் பரிசு என்று பெயர் வைக்க முடியாது. மறுக்க முடியாமல் கொடுத்தவள்தான் பிறகு கணக்குப் பார்க்கிறாள். முழு மனதோடு கொடுப்பதற்கு முதலில் கொடுக்காமல் இருக்கத் தெரிய வேண்டும்.

இந்த வருடம் நான் யாருக்கும் ஸ்வெட்டர் போடவில்லை. நாத்தனாரிடம் போனில் சொன்னபோது, "உடம்பு சரியில்லையா அண்ணி?" என்று பதறினாள். அதைத் தவிர வேறு காரணம் அவளுக்கும் தோன்றவில்லை. இல்லை, இந்த வருடம் போட வேண்டாம் என்று இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் கேக் செய்ய வேண்டாம்னுதான் இருக்கு" என்றாள். இருபத்திரண்டு வருடமாக அவள் கேக்கை நான் ஒரு நன்றியோடு முடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எல்லோரும் புத்தாண்டுத் தீர்மானம் எடுப்போம். நான் இதுவரை எடுத்தவை எல்லாம் என்னைக் குறைத்துக்கொள்வது பற்றியவை: எடை, கோபம், செலவு, பேச்சு. இந்தத் தடவை ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், கையில் ஊசி இல்லாமல், ஒரு புத்தகத்தோடு கூடத்தில் உட்காருவது. அறைக்குள் ஒளிந்துகொண்டு அல்ல, எல்லோரும் பார்க்கும்படி கூடத்தில். கூப்பிட்டால், "இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வரேன்" என்பது.

ஒத்திகை போல நேற்றே உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, யாரும் கூப்பிடவில்லை. என் விரல்கள் தாமாகவே முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன.